நெல்லைச் சீமை வரலாறு: ஆற்றுச் சோறும் கரிசல் கூழும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலைச் சேரும் இந்த ஆறு, தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நீர் பெறுகிறது. ஆண்டில் இரண்டு போகம் நெல் விளைவதற்கு அதுவே காரணம். ஆனி, ஆடியில் தொடங்கி புரட்டாசிக்குள் முடிவது கார்; ஐப்பசியில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி, குளங்களில் சேர்த்து, வயலுக்குக் கொண்டுபோகின்றன. இவற்றில் ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை.

இந்தக் கால்வாய்கள் எட்டிய தூரம்வரைதான் நெல். அதைத் தாண்டினால் வேறு நிலம், வேறு சாப்பாடு. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாகப் பிரியும் முன் இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் நான்கு வகை நிலங்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஆற்றோரம் நஞ்சை. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வானம் பார்த்த கரிசல். தென்கிழக்கே சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் செம்மணல் தேரியும் பனங்காடும். அதை அடுத்துக் கடற்கரை. இன்று வெளியூர்களில் ‘நெல்லைச் சமையல்’ என்று பேர் வாங்கியிருக்கும் சொதி, அவியல், இடிசாம்பார் முதலியவை இந்த நான்கில் ஒரு நிலத்தின் சமையல் மட்டுமே. அதுவும் அந்த நிலத்தில் வயலுக்குச் சொந்தக்காரர்களாக இருந்த வீடுகளின் சமையல். மற்ற மூன்று நிலத்து மக்களும், நஞ்சையிலேயே கூலிக்கு நாற்று நட்டவர்களும் அன்றாடம் என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

ஆற்றங்கரையில் நெல்லின் பழமைக்கு மண்ணுக்கடியில் சான்று இருக்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஆதிச்சநல்லூருக்கு அடுத்துப் பெரிதும் பேசப்படும் அகழாய்வு இடம் சிவகளை. அங்கே ஒரு முதுமக்கள் தாழியில் மண்ணோடு கிடைத்த உமியை அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் சோதித்து, அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டது. இறந்தவரோடு நெல்லையும் வைத்துப் புதைத்த மக்களுக்கு, அது சும்மா ஒரு தானியமாக இருந்திருக்க முடியாது.

அதற்குச் சுமார் 2000 ஆண்டுகளுக்குப் பின் என்ன சமைத்தார்கள் என்பதைக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அம்பாசமுத்திரத்திலும் திருச்செந்தூரிலும் கிடைத்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்காக அரசன் காசு கொடுத்து, அதன் வட்டியாக நெல் அளக்கச் சொன்ன ஏற்பாட்டை அவை பதிவு செய்கின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்கறி, புளியிட்ட கறி, பொரித்த கறி, காயம், வெற்றிலை, பாக்கு என்று பட்டியல் போகிறது. காயம் என்பது மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகியவை சேர்ந்த தொகுதி. இன்றைக்கு அதே ஊரில் ஒரு கல்யாணப் பந்திக்குச் சாமான் பட்டியல் எழுதினால் இவற்றில் எதையும் அடிக்க வேண்டியிராது. சேர்க்க வேண்டியவை நிறைய இருக்கும்: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்ச்சுக்கீசியர் இந்தியக் கரைக்கு வந்த பிறகே இங்கே பழகியவை. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் வந்து அந்தப் பேரில் பாதியை எடுத்துக்கொண்டபின் பழையதை ‘நல்லமிளகு’ என்று சொல்லும் வழக்கம் நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் இன்றும் இருக்கிறது.

நஞ்சை வீடுகளில் நாள் பழையதில் தொடங்கியது. முதல் நாள் இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து குடிப்பது பண்ணையார் வீட்டுக்கும் பண்ணையாள் வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. வடித்து எடுக்கும் நீச்சத்தண்ணி கோடையில் தாகத்துக்கு. தொட்டுக்கொள்வதில்தான் வேறுபாடு. ஒரு வீட்டில் முதல் நாள் குழம்புகளை ஒன்றாக்கி, நீர் வற்றும்வரை காய்ச்சிய சுண்டக்கறி. இன்னொரு வீட்டில் இரண்டு உள்ளியும் (சின்ன வெங்காயம்) ஒரு மிளகாயும். இட்லியும் தோசையும் அன்றாடப் பலகாரமானது பிற்காலத்தில்தான். கூலிக்காரக் குடும்பங்களில் அவை தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரியவையாகவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தன.

மதியச் சோறு குண்டரிசிச் சோறு. மெல்லிய, நீண்ட அரிசி மீது இந்த வட்டாரத்துக்கு என்றுமே பெரிய மோகம் இருந்ததில்லை. 1937இல் அம்பாசமுத்திரத்தில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ‘அம்பை 16’ என்ற குட்டையான, பருத்த அரிசி ரகம் இங்கே நிலைத்துவிட்டதற்கு அந்தச் சுவையே காரணம். வடித்த சோறு பருமனாக இருக்கும், பசி தாங்கும், இட்லிக்கும் ஏற்றது. கேரளத்திலும் அதற்கு வாங்குவோர் உண்டு. சோற்றுக்குக் குழம்பு வைக்கும் முறையில் தேங்காய்க்கே முதலிடம். தேங்காயை மல்லி, வத்தல், நல்லமிளகோடு சிவக்க வறுத்து அம்மியில் அரைத்தால் வறுத்தரைச்ச குழம்பு. பச்சையாகச் சீரகத்தோடு அரைத்துவிட்டால் புளியில்லாக் கறி. மல்லி, வத்தல், கடலைப்பருப்பு, வெந்தயம் ஆகியவற்றை அன்றைக்கே வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கும் சாம்பாரில் போடுவது இடிசாம்பார். முன்கூட்டித் திரித்து டப்பாவில் வைத்த பொடியால் அந்த மணத்தைக் கொண்டுவர முடியாது என்பதை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அறிவார்கள்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் அவியலுக்குத் தனி மதிப்பு. கேரள அவியலோடு உறவு உண்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மலைக்கணவாய் வழியாகத் திருவிதாங்கூரோடு பல நூற்றாண்டுப் பழக்கம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது. ஆனால் அங்கே தேங்காயெண்ணெய் மணக்கும் அவியல், ஆற்றங்கரையில் புளிப்புக்கு மாங்காயையோ தயிரையோ ஏற்று, சீரகமும் பச்சை மிளகாயும் தூக்கலாக நிற்கும். வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், சேனை, அவரை எல்லாம் ஒரே நீளத்தில் நறுக்கியிருக்க வேண்டும் என்பதில் இங்குள்ள பெண்கள் கண்டிப்பானவர்கள். அதே காய்களைத் துவரம்பருப்பு, அரிசி, முருங்கைக்கீரை, புளி, அரைத்த தேங்காய் ஆகியவற்றோடு ஒரே பானையில் வேகவைத்தால் கூட்டாஞ்சோறு. அதற்குக் கூழ்வத்தல் பொரித்தால் போதும், வேறு கறி வேண்டாம்.

சொதி அன்றாடச் சாப்பாடு அல்ல. சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைக்கும் விருந்து. அதனால் மாப்பிள்ளைச் சொதி என்று பெயர். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிவார்கள். மூன்றாம் பாலில் காய்கள் வேகும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும் அரைத்த பச்சை மிளகாயும் இஞ்சியும் சேரும், இறக்கப் போகும்போது முதல் பால். அதன்பின் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு மந்தம் தட்டாமல் இருக்க இஞ்சிப் பச்சடியோ இஞ்சித் துவையலோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் சொதி உண்டு. அங்கே அது இடியாப்பத்துக்கும் சோற்றுக்கும் தினமும் வைக்கும் நீர்த்த பால் குழம்பு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓயாமல் ஓடிய தோணிகளையும் கப்பல்களையும் நினைத்தால் இந்த உறவில் வியப்பில்லை. நெல்லைச் சொதியின் இன்றைய வடிவம் மிகப் பழையதாக இருக்கவும் வாய்ப்பில்லை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை ஆங்கிலேயர் காலத்தில் மலைத்தோட்டங்களில் பயிராகி, சமவெளிச் சந்தைக்கு வந்தவை. அதற்கு முன் சொதி இருந்திருந்தால் அது முருங்கைக்காயும் உள்ளியும் போட்டதாக இருந்திருக்கும்.

இந்த வளத்துக்கு உழைத்தவர்களின் கலயத்தில் இருந்தது வேறு. நடவுக்கும் அறுப்புக்கும் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுவடை முடிந்த மாதங்களில் அந்த நெல்லைக் குத்திச் சோறு ஆக்கலாம். அடுத்த நடவு வரை அதே நெல் கஞ்சியாக நீளும். அரிசியும் குறைந்தால் கேழ்வரகுக் கூழ். வயலும் குளமும் இவர்களுக்குத் துணைநின்றன. வாய்க்கால் கெண்டை, குளத்து விரால், அயிரை, கெளுத்தி, வரப்பு நண்டு, நத்தை ஆகியவை காசில்லாமல் கிடைத்த கறி. நண்டை இடித்துச் சாறு எடுத்து, நல்லமிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த ரசம் சளிக்கு மருந்தாகவும் இருந்தது. கோடையில் குளம் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள், இந்த வீடுகளில் பொங்கலுக்கு அடுத்த பெருநாள். சமையல் புத்தகங்களில் இந்த உணவுகளுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. பிசான நெல்லை நட்ட கைகளின் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதப்படும் நெல்லை உணவு வரலாறு பாதி வரலாறுதான்.

கார், பிசானம் இரண்டுக்கும் எட்டாத கரிசலில் ஒரே மழையை நம்பிக் கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, சாமை விதைத்தார்கள். கூடவே பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும். அங்கே அரிசிச் சோற்றுக்கு ‘நெல்லுச்சோறு’ என்று தனிப்பெயரே இருந்தது. அன்றாடம் சோறு என்றால் கம்மஞ்சோறோ சோளச்சோறோதான். கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமியைச் சுளகில் புடைத்து, மறுபடி இடித்து, உலையில் கிளறி இறக்க ஒரு பெண்ணுக்கு அரை நாள் போகும். சூட்டோடு உருட்டி, நடுவில் குழித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது இரவில். மிச்ச உருண்டைகளை நீரில் போட்டு வைத்தால் மறுநாள் காட்டு வேலைக்குக் கம்மங்கஞ்சி. அதற்குத் துணை மழைக்காலத்தில் காய்த்ததை வெயிலில் உலர்த்திச் சேமித்த வத்தல்கள்: சீனியவரை வத்தல், கத்தரி வத்தல், மிதுக்கு வத்தல், மோர்மிளகாய். காணத்தை வறுத்து அரைத்த துவையல் குளிர்காலத்துக்கு. வடமாவட்டங்களில் கொள்ளு என்று அழைக்கப்படுவதே இங்கே காணம்.

கரிசலின் மக்கள் சோற்றையும் கூழையும் பசியையும் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன். தீபாவளி, பொங்கல், கல்யாணம் என்று ஆண்டில் எண்ணி நாலைந்து நாட்களே நெல்லுச்சோறு கண்ட சம்சாரிகளின் வாழ்வை அவருடைய எழுத்திலிருந்து அறியலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கூழும் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் வானம் பார்த்த ஊர்களே முதலில் விழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் இந்த மாவட்டத்திலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் துரத்தியது பெரும்பாலும் காலி அடுக்குப்பானைதான்.

இருந்தும் நஞ்சையின் மிகச் சிறந்த உணவுகள் சில கரிசல் இல்லாமல் பிறந்திருக்காது. உளுந்து அங்கிருந்தும், அறுவடை முடிந்த நெல்வயல் ஈரத்திலிருந்தும் வந்தது. தொலி நீக்காத உடைத்த உளுந்தை வறுத்து, குண்டரிசியோடு வெந்தயம், உரித்த பூண்டு, தேங்காய்த் துருவல் போட்டு ஒன்றாகப் பொங்கினால் உளுந்தஞ்சோறு. எள்ளுத் துவையலும் அவியலும் அதற்குச் சைவ ஜோடி. கறி தின்பவர்கள் கோழிக் குழம்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றிக்கொள்வார்கள். அரிசி ஆற்றுக்கு உரியது, உளுந்தும் எள்ளும் புன்செய்க்கு உரியவை, கருவாடு கடலிலிருந்து வந்தது. மூன்று நிலமும் ஒரே இலையில் சேர்கிற இந்தச் சோற்றையே நெல்லையின் அடையாள உணவாகச் சொல்ல வேண்டும், அல்வாவை அல்ல. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கொடுப்பது எல்லாச் சாதிகளிலும் இருந்த வழக்கம். உளுந்தும் அரிசியும் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, நல்லெண்ணெய் விட்டு உருட்டித் தருவார்கள். இடுப்புக்கு வலு என்பது அதற்குச் சொல்லும் காரணம். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்குக்களி, உடல் சூட்டுக்கு வெந்தயக்களி.

களிக்கு இனிப்பு தந்த கருப்பட்டி தேரிக்காட்டிலிருந்து வந்தது. அங்கே நெல்லும் இல்லை, கம்பும் குறைவு. பனை இருந்தது. மாசி முதல் ஆடி வரை நீளும் பதநீர்க் காலத்தில் ஒருவர் காலையும் மாலையும் பல பத்துப் பனைகளில் ஏறி இறங்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும்; தடவாவிட்டால் கள். விடிந்ததும் பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் குடிக்கும் பதநீரே பனங்காட்டுக் குடும்பங்களின் காலை உணவாக இருந்தது. பட்டையில் நுங்கை வழித்துப் போட்டுக் குடித்தால் மதியம்வரை பசிக்காது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கிறிஸ்தவ மறைப்பணியாளர் கால்டுவெல் இந்தப் பனை வாழ்வை நேரில் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர்.

இறக்குவது ஆண்கள் வேலை என்றால் காய்ச்சுவது பெண்கள் வேலை. கோடை வெயிலில், குடிசைக்குள், புகையும் சருகு அடுப்பின் முன் மணிக்கணக்கில் கிளறி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. பதத்துக்கு முன்னே எடுத்தால் கூப்பனி. பானையில் ஊற்றி நாட்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. கருப்பட்டியைக் கடகப்பெட்டியில் சுமந்து போய் நஞ்சை ஊர்களில் நெல்லுக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்படித்தான் ஆற்றங்கரை வீடுகளுக்குச் சுக்கு, மல்லி தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பியும், பாசிப்பயறு மாவைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்தும், திருக்கார்த்திகை அன்று பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையும் வந்தன. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஏறுவதற்கு ஆள் கிடைப்பது அதற்குள் அரிதாகிவிட்டது.

பதநீர் நின்ற மாதங்களுக்கு விதையே உணவு. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளை மண்மேட்டில் புதைத்தால் தை மாதம் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்பார்கள். முளைத்த கொட்டைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற தவண் பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கை உலர்த்தி மாவாக்கி மீனோடு ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்கள். தேரிக்காட்டில் அவித்துத் தின்பதே பெருவழக்கு.

தைப் பொங்கலில் ஆற்றங்கரையும் பனங்காடும் ஒன்றுசேரும். முற்றத்தில் கோலமிட்டு, வெள்ளையும் காவியும் பூசிய அடுப்புக்கட்டிகளை வைத்து, பனையோலை எரித்து, விடியும் முன்பே பொங்கல் இடுவது நெல்லை வழக்கம். காருகுறிச்சியில் வனைந்த பானைகள் அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும். படையலில் பனங்கிழங்கோடு சிறுகிழங்கு கட்டாயம். மார்கழி, தை மாதங்களில் தோண்டப்படும் இந்தச் சின்னக் கிழங்கைச் சாக்கில் போட்டு உரசித் தோலெடுத்து, தேங்காய் அரைத்துவிட்டுப் பொரியலாகவோ கூட்டாகவோ வைப்பார்கள். சில நாள் கழித்து, சிறுமிகள் முற்றத்தில் மண்ணால் கட்டிய குட்டி வீட்டுக்கு முன் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்கச் சாணத்தில் பூசணிப்பூ செருகிக் காயவைத்த எருக்களையும் பொங்கலையும் அன்று மாலை ஆற்றில் விடுவார்கள்.

கடற்கரைச் சாப்பாடு இரண்டு பெரிய மரபுகளால் ஆனது. 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களின் ஊர்கள் ஒரு பக்கம். காயல்பட்டினம் முதலிய முஸ்லிம் வணிக ஊர்கள் இன்னொரு பக்கம். வலையில் வந்ததை அன்றைக்கே மாங்காயும் தேங்காயும் போட்டுக் குழம்பாக்குவது பரதவர் வழக்கம். சீலா மீனும் பாறை மீனும் விலைக்குப் போகும். சாளையும் நெத்திலியும் வீட்டுக்கு. மிஞ்சியதைத் தூத்துக்குடி உப்பளத்து உப்பில் போட்டு உலர்த்தினால் கருவாடு. அந்தக் கருவாடுதான் கடலையே பார்த்திராத கரிசல் ஊர் வரை கடலின் சுவையைக் கொண்டுபோனது. தூத்துக்குடி மக்ரூனின் முந்திரியும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டை. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடும் இந்தப் பண்டம் ஐரோப்பிய அடுமனையின் வழிவந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ, அந்த ஊர் மக்கள் எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அங்கிருந்து சிறிது தொலைவில், தாமிரபரணிப் பாசனத்திலுள்ள ஆத்தூரில் இன்றும் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காயல்பட்டினத்துக் கல்யாணங்களில் களறிச் சாப்பாடு பேர்பெற்றது. நெய்ச்சோறு, ஆட்டுக்கறியில் காரம் அதிகமில்லாமல் ஆக்கிய களறிக்கறி, கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் சேர்ந்த தொடுகறி, கடைசியில் புளியாணம். பெரிய சஹன் தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் அமர்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது அரபுத் தொடர்பின் எச்சம். தட்டில் இருப்பவையோ தாமிரபரணி அரிசியும் தமிழ்நாட்டுப் புளியும். மாலைக் கஞ்சிக்கு அரிசிமாவில் சுட்ட வாடா.

திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்ட அல்வா பிற்காலத்தது. வடக்கிலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தார் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் 1900ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய கடையே பின்னாளில் இருட்டுக்கடை என்று பேர்பெற்றது. ஊறவைத்த சம்பா கோதுமையை ஆட்டிப் பால் எடுத்து, புளிக்கவிட்டு, சீனிப்பாகோடும் நெய்யோடும் மணிக்கணக்கில் கிண்டுவது முறை. கோதுமை இந்தப் பள்ளத்தாக்கில் விளைவதில்லை. உள்ளூரிலிருந்து சேர்வது ஆற்றுத் தண்ணீர் மட்டுமே. அல்வாவின் ருசி அந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று ஊர் நம்புகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இதே பெருமை சொல்லப்படுகிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய், கரிசல் வட்டாரத்துக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்தது. தேரிக்காட்டு முதலூரில் கோதுமைப் பாலோடு தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டும் மஸ்கோத் அல்வா இன்னொரு கிளை.

20ஆம் நூற்றாண்டு இந்த எல்லைகளை அழித்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. ரேஷனில் கோதுமை வந்தது. கோதுமையைத் தொடர்ந்து மைதாவும் பரோட்டாவும் பரவின. செங்கோட்டைக்கு அப்பால் கேரள எல்லையை ஒட்டிய கடைகளில் சிறிய, மெல்லிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, நாட்டுக்கோழிச் சால்னா ஊற்றித் தருவது குற்றாலச் சீசனுக்கு வருவோரால் மாநிலம் முழுக்கத் தெரிந்தது. இன்று இரவுச் சாப்பாடு என்றால் பரோட்டா என்றாகிவிட்ட ஊர்கள் ஆற்றின் இரு கரையிலும் உள்ளன.

அதைவிட ஆழமான மாற்றத்தை அரசு செய்தது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் கரிசலின் எட்டயபுரம். பஞ்சத்தில் முதலில் விழுந்த நிலத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு கிடைத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ரேஷன் கடைகளில் அரிசி மலிந்து, 2011 முதல் விலையில்லாமலும் கிடைக்கத் தொடங்கியபின் நெல்லுச்சோறு என்ற தனிப்பெயருக்குக் கரிசலில் தேவை இல்லாமல் போயிற்று. கம்பு விதைத்த நிலங்களில் மக்காச்சோளம் ஏறியது. அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. உரலில் குத்தும் உழைப்பிலிருந்து பெண்கள் விடுபட்டதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. அந்த உழைப்பு மறைந்ததோடு குதிரைவாலியும் சாமையும் வீட்டு அடுப்பிலிருந்து மறைந்தன. இப்போது அவை திருநெல்வேலி, தூத்துக்குடி நகரக் கடைகளில், தீட்டிப் பொட்டலமிட்டு, ‘அம்பை 16’ அரிசியைவிட அதிக விலைக்கு விற்கப்படுகின்றன.